மாட்டுத் தாள்

மெல்பேர்ன் புறநகரான கிரெய்கிபர்னில் ஒரு பிறந்தநாள் விழாவில் யாழினி என்னைப் பிடித்துக்கொண்டாள். என் நண்பரின் மகள். பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறாள், வருட முடிவில் பொதுப் பரீட்சைத் தாள் திருத்தவும் போகிறாள். போகிறாள் என்று நான் எழுதுவது பழக்கதோஷம். இப்போது யாரும் எங்கும் போவதில்லை. தாள் கணினித் திரையில் வருகிறது. அவள் வீட்டு உடுப்போடு சோபாவில் இருந்து புள்ளி போடுகிறாள். வேறொருவர் வேறொரு சோபாவில் இருந்து அதே தாளுக்குப் புள்ளி போடுகிறார். இரண்டும் ஒத்துவராவிட்டால் இயந்திரம் மூன்றாவது சோபாவுக்கு அனுப்பிவிடுமாம். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

"அங்கிள், நீங்கள் போட்ட மார்க்ஸை ஒருக்காலாவது மாத்தினனீங்களோ?" என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடமும் இந்த நாட்டில் இருபத்தாறு வருடமும் தாள் திருத்தியவன் நான். யாழ்ப்பாணத்து வாத்தியாரிடம் இப்படிக் கேட்பது, கோயில் ஐயரிடம் கொடுத்த விபூதியைத் திருப்பி வாங்கினீரா என்று கேட்பது போல. ஆனாலும் உண்மையைச் சொன்னேன். "ஓம், ஒருக்கால். ஒரு மாட்டுக்காக." அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். கதை மாட்டோடு நின்றுவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு. அதன்பின் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு சைக்கிள், ஒரு பிரம்பு. எழுபதாம் ஆண்டின் தொடக்கத்தில் நானும் மனைவி பூமணியும் மெல்பேர்னில் வந்து இறங்கினோம். இங்கே ஆசிரியர்களுக்குப் பஞ்சம். பஞ்சகாலத்தில் எதையும் தின்பார்கள் என்பதால் என்னையும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் தாள் திருத்தவும் ஆள் போதாமல் போய், எனக்கு அழைப்பு வந்தது.

நகரத்து நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய மண்டபம். டிசம்பர் இங்கே கடும் கோடை. நாற்பது மேசை, மேசைக்கு எதிரெதிரே இரண்டு கதிரை, எல்லோருடைய முகத்திலும் மொய்க்கப் பொதுவாக ஆயிரம் இலையான். எங்கள் தலைவர் பிரதம பரீட்சகர் கார்மைக்கல். நாங்கள் எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டு வேர்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கம்பளிக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கதிரைகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார். வந்து நின்று மூச்சுவிடுவார். அந்த மூச்சு கேட்டதும் நான் வாசித்த பக்கத்தைத் திரும்ப வாசிப்பேன். ஒரு தாளுக்கு இத்தனை புள்ளி என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. எண்களை எழுதுவார், உச்சரிக்கமாட்டார்.

திருத்தும் முறை இது. விடைத்தாளில் பிள்ளையின் பெயர் இராது, சுட்டெண் மட்டும். அதில் ஒரு கோடும் போடக்கூடாது. வாசித்து, இருபதுக்கு எத்தனை என்று ஒரு சிறு துண்டில் பென்சிலால் எழுதி உறைக்குள் போடவேண்டும். எதிரே இருப்பவர் அந்தத் துண்டைப் பார்க்காமல் அதே தாளை வாசித்துத் தன் துண்டைப் போடுவார். வித்தியாசம் மூன்றுக்குள் என்றால் கூட்டி இரண்டால் பிரித்துவிடுவார்கள். பத்து வந்தால் தேறியது. வித்தியாசம் மூன்றுக்கு மேலே போனால் இருவரும் தாளோடு கார்மைக்கலின் மேசைக்குப் போகவேண்டும்.

அங்கேதான் சங்கடம். அங்கே என் புள்ளிக்காக நான் வாதாட முடியாது. எதிராளியின் புள்ளிதான் சரி என்று நான் வாதாடவேண்டும். என் புள்ளிதான் சரி என்று அவர் வாதாடவேண்டும். இரண்டு பேரும் முடித்தபின் புதிய துண்டில் புதிய புள்ளி. தன் பிள்ளையைப் புகழ எல்லோருக்கும் தெரியும், அயல்வீட்டுப் பிள்ளையைப் புகழ வேண்டுமென்றால் அதை உற்றுப் பார்க்கவேண்டும் என்பது கார்மைக்கலின் கணக்கு. வாதம் நடக்கும்போது அவர் ஒரு ஆப்பிளை எடுத்துப் பேனாக்கத்தியால் தோல் அறாமல் ஒரே சுருளாகச் சீவுவார். சீவி முடியும்வரை வாய் திறக்கமாட்டார்.

முதல் நாளே எனக்கு ஒரு கண்டம் வந்தது. பிள்ளையார் சுழி போடாமல் யாழ்ப்பாணத்தான் கடைச் சிட்டையும் எழுதமாட்டான். நான் ஒவ்வொரு துண்டின் தலையிலும் பக்தியோடு ஒரு "உ" போட்டு, அதற்குக் கீழே புள்ளியை எழுதினேன். புள்ளிகளை இயந்திரத்தில் தட்டிச் சேர்க்கும் டோரீன் என்ற பெண்மணி அதை இரண்டு என்று வாசித்து, கீழே இருந்ததோடு கூட்டிவிட்டார். மத்தியானத்துக்குள் முப்பத்தாறு பிள்ளைகள் விநாயகர் அருளால் என் துண்டில் ஆளுக்கு இரண்டு புள்ளி கூடப் பெற்றிருந்தார்கள். கார்மைக்கல் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். யானை முகம், தடை நீக்குபவர் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் அந்தக் கடவுளுக்குத் தினமும் காலையில் ஒரு தனித் தாள் தரலாம், அதை அவர் முழுதாகப் பாவித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து என் மேசைக்குக் காலையில் ஒரு வெள்ளைத் தாள் வரும். நான் சுழி போடுவேன். டோரீன் அதைக் கோப்பில் போடுவார்.

என் எதிர்க் கதிரையில் மிஸ் கீனன். ஐம்பது வயது, நாட்டுப்புறப் பள்ளிக்கூடத்து ஆசிரியை, ஒரு சிகரெட்டின் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைப்பவர். புள்ளி போடுவதில் தாராளம். நானோ, ஊரில் நூற்றுக்கு எழுபது போட்டால் பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று நம்பி வளர்ந்தவன். இருந்தும் எப்படியோ மூன்று புள்ளிக்குள் சமாளித்துக்கொண்டு போனோம்.

அந்த வருடம் எனக்கு வீட்டிலும் ஒரு தலையிடி இருந்தது. அதையும் இங்கே சொல்லவேண்டும். அப்போது மெல்பேர்னில் இலங்கைக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். புதிதாக ஒரு குடும்பம் வந்தால் முதல் இரண்டு கிழமை எங்கள் வீட்டில். பிறகு அவர்களுக்கு வாடகை வீடு, கட்டில், மெத்தை, கேத்தில், குளிருக்கு ஓவர்கோட்டு. இவற்றை நான் பழைய சாமான் கடைகளில் முன்கூட்டியே வாங்கி கராஜில் அடுக்கிவைப்பேன். வந்தவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். தருமம் என்றுதான் நான் சொல்வேன். பூமணி வேறு சொல் வைத்திருந்தா. எழுபத்தொன்றின் தொடக்கத்தில் நாலு குடும்பம் புறப்படுகிறது என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. நான் நாலு பெரிய கட்டிலும் ஆறு ஓவர்கோட்டும் வாங்கிவிட்டேன். அந்தச் சித்திரையில் இலங்கையில் அரசுக்கு எதிராக இளைஞர் கலகம் வெடித்தது. ஊரடங்கு, கெடுபிடி. நாலு குடும்பமும் வரவில்லை. கராஜ் நிறையக் கட்டில். என்னுடைய கார் எட்டு மாதமாகத் தெருவில் நின்று பறவைகளின் எச்சத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

"உங்கட கோட்டுகளுக்கு எப்ப கலியாணம்?" என்று பூமணி ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்பா.

இரண்டாவது கிழமை அந்தத் தாள் வந்தது. கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த போர், அமெரிக்காவில் இருந்த மசாசூசெட்ஸ் குடியேற்றத்தை எவ்வாறு பாதித்தது? இதற்கு நான் பதினொரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். மன்னர், நாடாளுமன்றம், மதம், பட்டயம் என்று போய் ஏழாவது குறிப்பில் மன்னருடைய தலை போகும். ஒவ்வொரு குறிப்பாகத் தேடுவேன். இருந்தால் புள்ளி, இல்லாவிட்டால் இல்லை.

அந்தத் தாளில் முதல் வரியில் பசு. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன், பசு. சினைப்பசு, கறவை வற்றிய பசு, குளிர்காலத்தில் பசுவுக்கு வைக்கோல். நாலரைப் பக்கமும் மாடு. மன்னர் என்ற சொல்லைத் தேடினேன், இல்லை. நாடாளுமன்றம் இல்லை. ஒரு மன்னனுடைய தலையே போன சங்கதியில் மாட்டின் விலையைப் பற்றி நாலரைப் பக்கம்.

எங்கள் ஊர் வாத்தியார்மார் எல்லோருக்கும் தெரிந்த பகிடி ஒன்று உண்டு. பசுவைப் பற்றிய கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு ஒரு பொடியன் பரீட்சைக்குப் போனான். கேள்வி தென்னை மரத்தைப் பற்றி. அவன் எழுதினான்: "தென்னை உயரமான மரம். அதில் பசுவைக் கட்டலாம். பசு ஒரு வீட்டு மிருகம். அதற்கு நாலு கால் உண்டு..." எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளையும் எங்கேயோ பாடமாக்கிய மாட்டைக் கொண்டுவந்து மசாசூசெட்ஸில் கட்டியிருக்கிறது. கள்ளனைப் பிடித்த சந்தோசத்தோடு மூன்று போட்டேன். கையெழுத்துக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, கயிற்றின் நீளத்துக்கு ஒன்று.

மிஸ் கீனனின் துண்டில் பதினேழு.

உறைகளை எங்களிடம் திருப்பிக் கொடுக்கும்போது டோரீன் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். இந்தச் சுட்டெண்ணுக்கு மற்றப் பாடங்களின் புள்ளி வந்துவிட்டது, எல்லாம் மட்டுமட்டாகத் தேறியிருக்கிறது, இது ஒன்றுதான் மிச்சம் என்றார். இதில் தேறினால் அந்தப் பிள்ளை மேலே படிக்கப் போகலாம். தேறாவிட்டால் இல்லை. அவர் அதைச் சொல்லியிருக்கக்கூடாது. சொன்னபின் அந்தத் தாள் கையில் கொஞ்சம் கனத்தது.

கார்மைக்கல் ஆப்பிளை எடுத்தார். முதலில் மிஸ் கீனன் என் மூன்றுக்காக வாதாடவேண்டும். ஒப்புக்குச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்று, கேள்வி போரைப் பற்றியது, பதிலில் போர் இல்லை, அரசன் இல்லை, மதம் இல்லை, இது வரலாறு அல்ல, பால்பண்ணை அறிக்கை என்று வெளுத்து வாங்கினார். நான் மனதில் வைத்திருந்ததைவிட நல்ல காரணங்கள். என் பக்கத்தை எனக்கே இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரியாதே என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

பிறகு என் முறை. கையெழுத்து தெளிவு என்றேன். கார்மைக்கல் சீவிக்கொண்டே இருந்தார். பந்தி பிரித்திருக்கிறது என்றேன். சீவிக்கொண்டே இருந்தார். வேறு ஒன்றும் வராததால், என் நிலைமையையாவது விளங்கிக்கொள்ளட்டும் என்று தென்னைமரப் பகிடியைச் சொன்னேன். மிஸ் கீனன் சிரித்தார். கார்மைக்கலின் ஆப்பிள் தோல் சுருளாக மேசையில் விழுந்தது. அவர் பேசிய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்.

"உங்கள் கதையில் பசு தென்னை மரத்தில் கட்டியிருக்கிறது. இந்தத் தாளில் எங்கே கட்டியிருக்கிறது? வாசித்துச் சொல்லுங்கள்."

வாசித்தேன், முதல் வரியிலிருந்து, உரத்து. "ஒரு பசுவின் விலை அதை வாங்க வருகிறவர் கையில் இருக்கிறது. அந்த வருடங்களில் வரவேண்டியவர்கள் வரவில்லை. எந்த மனிதருக்குப் பயந்து கப்பல் ஏற இருந்தார்களோ, அவரோடு ஊரிலேயே நின்று மோதலாம் என்று அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது."

அந்த மனிதர் யார்? மன்னர்தான். மன்னர் என்ற சொல்லைத் தேடிய அவசரத்தில் மன்னரையே நான் தாண்டிப் போயிருக்கிறேன். மேலே வாசித்தேன். முன்னே வந்தவர்கள் பின்னே வருகிறவர்களுக்கு மாடு விற்றுத்தான் வாழ்ந்தார்கள். ஊரில் சண்டை தொடங்கியதும் வருகை நின்றது. இருபது பவுண் விற்ற பசுவை ஐந்து பவுணுக்கும் கேட்பாரில்லை. அதன் கீழே ஒரு வரி.

"வாங்க ஆள் வராவிட்டாலும் பசுவைக் காலையும் மாலையும் கறக்கத்தான் வேண்டும். ஆகவே அவர்கள் வேறு ஆளைத் தேடினார்கள்."

தேடிக் கப்பல் கட்டினார்கள், மீனையும் மரத்தையும் மாட்டையும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றினார்கள், தாய்நாட்டை எதிர்பாராமல் நிற்கப் பழகினார்கள் என்று தாள் போய்க்கொண்டிருந்தது. என்னால் வாசிக்க முடியவில்லை. கண்ணுக்குள் என் கராஜ் நின்றது. நாலு கட்டில், ஆறு ஓவர்கோட்டு. எட்டு மாதமாக நான் குடியிருந்த பதில் அது. அதற்குத்தான் மூன்று போட்டிருக்கிறேன்.

பிறகு நான் பேசினேன். இருபது நிமிடம் பேசியதாக மிஸ் கீனன் பின்பு சொன்னார். மசாசூசெட்ஸில் தொடங்கி என் கராஜுக்கு வந்து, ஊரின் கலகத்தைச் சொல்லி, ஒவ்வொரு கோட்டின் நிறத்தையும் சொல்லி, இந்தப் பிள்ளை பசுவை வேறெங்கும் கட்டவில்லை, கப்பல் வராத துறைமுகத்தில் கட்டியிருக்கிறது என்று முடித்தேன். கார்மைக்கல் ஆப்பிளைத் தின்ன மறந்துவிட்டார். அது பழுப்பு நிறமாகிக்கொண்டிருந்தது.

புதிய துண்டுகள் தந்தார். எழுதி மடித்துக் கொடுத்தோம். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் துண்டில் பதினெட்டு. மிஸ் கீனனின் துண்டில் பன்னிரண்டு. தன் வாதத்தில் தானே மயங்கி ஐந்து புள்ளி இறங்கிவிட்டார். வித்தியாசம் ஆறு. சட்டப்படி நாங்கள் இன்னொரு தடவை வாதாடவேண்டும்.

அன்றுதான் கார்மைக்கல் சிரித்து நான் பார்த்தேன். "இன்னொரு தடவை விட்டால் நீங்கள் உங்கள் மூன்றுக்கே திரும்பிவிடுவீர்கள்" என்றார். அவர் ஒரு எண்ணை உச்சரித்ததும் அன்றுதான். தானே ஒரு துண்டை எழுதி மடித்து டோரீனிடம் கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தேநீர் நேரத்தில் டோரீன் என் மேசையைக் கடந்து போகும்போது, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இலையான் கண்ணில் பட்டதாகச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை கராஜைத் திறந்தேன். பின்தெருவில் துருக்கியிலிருந்து புதிதாக மூன்று குடும்பம் வந்திருந்தது. அதுவரை அவர்களைப் போய்ப் பார்க்கவேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. என் கட்டில்களில் இலங்கையருக்கு என்று எழுதியிருந்தது போல இருந்திருக்கிறேன். ஞாயிறு மதியத்துக்குள் கட்டிலும் கோட்டும் போய்விட்டன. கோடை வெயிலில் ஒருவர் கோட்டைப் போட்டுக்கொண்டே நடந்து போனார். திடீரென்று எப்படிப் புத்தி வந்தது என்று பூமணி கேட்டா. மாடு சொல்லித் தந்தது என்று சொல்ல முடியுமா?

ஆனால் திறந்த கராஜில் நின்றபோது சந்தோசம் முழுதாக வரவில்லை. வேறொரு தாள் நினைவுக்கு வந்துவிட்டது. ஊரில் என்னிடம் தவராசா என்று ஒரு மாணவன் படித்தான். புகையிலைத் தோட்டக்காரரின் மகன். ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணம் பற்றிய கேள்விக்கு, ஐரோப்பாவில் சண்டை வந்தால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் புகையிலை பூஞ்சணம் பிடிக்கும் என்று நாலு பக்கம் எழுதியிருந்தான். முழுக்கப் புகையிலை. நான் நூற்றுக்கு இருபத்திரண்டு போட்டேன். போட்டதோடு விடாமல், வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தி, தென்னைமரப் பகிடியைச் சொல்லி, அவனுடைய கட்டுரையை உரத்து வாசித்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நன்றாக வாசித்தேன் என்று எனக்குப் பெருமையும் இருந்தது. அடுத்த தவணை அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் எனக்கு எதிர்க் கதிரை இருக்கவில்லை. பதினொரு வருடம் தனியே இருந்து திருத்தினேன். இங்கே நான் தேறவைத்த பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு சுட்டெண் மட்டும். அங்கே நான் கவிழ்த்தவனுடைய பெயரும், தகப்பன் பெயரும், அவன் எழுந்து நின்ற வாங்குப் பலகையும்கூட எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

விமானக் கடிதம் ஒன்று எழுதினேன். தவராசா, உன்னுடைய புகையிலைக் கட்டுரைக்கு நான் போட்ட புள்ளி பிழை, சரியான புள்ளி அறுபத்தெட்டு, எழுபது போடலாம், முன்னுரை இல்லாதபடியால் இரண்டைக் குறைத்திருக்கிறேன், வகுப்பில் வாசித்ததற்கு மன்னித்துக்கொள் என்று எழுதி, தகப்பன் பெயருக்கு அனுப்பினேன்.

மாசியில் பதில் வந்தது. தவராசா லொறி ஒன்றில் உதவியாளாக இருந்தான். அதே தெளிவான கையெழுத்து.

"சேர், மார்க்ஸ் கிடைத்தது. மெத்தச் சந்தோசம். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினனான். அவ கடிதத்தை வாங்கிச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்ப இனி நீ பள்ளிக்கூடம் போகலாம் தானே எண்டு கேட்டவ. நான் அவவுக்கு என்ன சொல்லவேணும் எண்டு சேர் எழுதி அனுப்பவும்."